சமக்குறியின் இரு கரைகள்

நம் பள்ளிக்கூடங்களில் படித்தவர் எவரும் வினாத்தாளில் ‘பொருத்துக’ என்ற கட்டளையைக் காணாமல் இருந்திருக்க முடியாது. இடப்புறம் ஒரு வரிசை, வலப்புறம் ஒரு வரிசை. இதற்கு உரியது அதில் எது என்று கண்டு இணைத்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். நெடுங்காலம் கணித உபாத்தியாயனாக இருந்த நானும் அந்தக் கட்டளையை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஆயினும், கலப்பெண்களையும் துருவ ஆயத்தொலைகளையும் மாணவர்கள் பழகிக்கொள்வதற்காக ஒரு பொருத்துப் புதிரை என் கையாலேயே வெட்டிக் கோடிட்டு எழுதிக்கொண்டிருந்த சில இரவுகளில்தான், ‘இதுவும் அதுவும் ஒன்றே’ என்று ஒருவன் சொல்லும்போது அவன் உண்மையில் எதைச் சொல்லுகிறான் என்னும் கேள்வி என் மனத்தில் எழுந்து, கணிதத்தின் எல்லையைக் கடந்து, சமய விசாரத்தின் வாசலில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திற்று.

புதிரின் அமைப்பு எளியது. தடித்த அட்டையிலிருந்து ஒரே அளவான 24 சமபக்க முக்கோணங்களை வெட்டிக்கொள்ள வேண்டும். முறையாக அடுக்கினால் அவை ஓர் அறுகோணமாகும். எல்லா முக்கோணங்களுக்கும் சேர்த்து விளிம்புகள் 72. அவற்றுள் 12 அறுகோணத்தின் வெளிக்கரையாக நின்றுவிட, எஞ்சிய 60 விளிம்புகளும் இரண்டிரண்டாகக் கூடி 30 சந்திப்புகள் ஆகின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு பக்கத்து விளிம்பில் ஓர் எண்ணை ஒரு விதமாகவும், மறுபக்கத்து விளிம்பில் அதே எண்ணை வேறொரு விதமாகவும் எழுதிவிட்டுச் சீட்டுகளைக் கலைத்துக் கொடுத்தால், எழுத்து வேறு வேறாக இருந்தும் எது எதனோடு ஒன்று என்று கண்டு மாணவர்கள் அறுகோணத்தைக் கட்டி முடிக்க வேண்டும்.

ஒரே எண்ணை இரண்டு விதமாக எழுதுவது எப்படி? தளத்தில் உள்ள ஒரு புள்ளிக்கு வழி சொல்வதாக வைத்துக்கொள்வோம். ஆதிப்புள்ளியிலிருந்து கிழக்கே ஓரலகு சென்று, பிறகு வடக்கே ஓரலகு செல் என்பது ஒரு வழி. நின்ற இடத்திலேயே கிழக்கிலிருந்து வடக்கு நோக்கி 45 பாகை திரும்பி, √2 அலகு நேராக நட என்பது மற்றொரு வழி. முன்னது செவ்வக வடிவம். பின்னது துருவ வடிவம். துருவ வடிவில் தூரத்தை மட்டு என்றும், திசைக்கோணத்தை வீச்சு என்றும் சொல்லுகிறோம். கிழக்கு மேற்கான அச்சில் மெய்யெண்களையும், வடக்கு தெற்கான அச்சில் குறை ஒன்றின் வர்க்கமூலத்தை அலகாகக் கொண்ட கற்பனை எண்களையும் அமர்த்திவிட்டால், அந்தப் புள்ளியே ஒரு கலப்பெண் ஆகிவிடுகிறது.

துருவ வடிவிலோ ஒரு புள்ளிக்குப் பெயர்கள் முடிவின்றிப் பெருகுகின்றன. 45 பாகை திரும்பி நிற்பவனும், ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிட்டு 405 பாகையில் நிற்பவனும், எதிர்ப்புறமாக 315 பாகை சுழன்று நிற்பவனும் ஒரே திசையையே நோக்குகிறார்கள். ஆயத்தொலைகளில் தூரத்தைக் குறை எண்ணாக எழுதவும் இடமுண்டு; ஆகையால் 225 பாகைக்குத் திரும்பி, முகம் அந்தப் பக்கமே இருக்க √2 அலகு பின்னோக்கி நடந்தவனும் அதே புள்ளியில்தான் வந்து நிற்கிறான். இலக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இலக்கை அடைந்த இவனை எண்ணும்போதெல்லாம், பகைமையினாலேயே பகவானை இடைவிடாது நினைத்து அவனோடு கலந்துவிட்ட சிசுபாலனின் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது.

இனிக் கேள்விக்கு வருவோம். ஒரு சந்திப்பின் இரு பக்கத்து எழுத்துகளும் ஒன்றையே குறிக்கின்றன என்றால், அவற்றைச் சமம் என்று சொல்வதில் புதிதாக அறிந்தது என்ன? ஒரு பொருள் தனக்குத் தானே சமம் என்பதை எவரும் மறுக்கமாட்டார். அதைச் சொல்ல ஒரு புதிரும் வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு என்றாலோ, சமம் என்ற சொல்லே பொய்யாகிவிடும். பயனற்ற உண்மைக்கும் வெளிப்படையான பொய்க்கும் நடுவே, மாணவன் முகம் மலர்ந்து ‘ஆ, இரண்டும் ஒன்று!’ என்று வியக்கும் அந்த அறிவுக்கு இடம் எங்கே?

ஜெர்மனி தேசத்துத் தார்க்கிகரான கோட்லோப் பிரேகே 1892இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இந்தச் சிக்கலைத்தான் எடுத்து ஆராய்ந்தார். விடியலில் கிழக்கே தோன்றும் நட்சத்திரத்துக்கும் அந்தியில் மேற்கே தோன்றும் நட்சத்திரத்துக்கும் கிரேக்கர் தனித்தனிப் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரே கிரகம் என்பது சொல்லின் ஆராய்ச்சியால் விளங்கியதன்று, வானத்தை நெடுநாள் நோக்கியே அறியப்பட்டது. ஆகவே ஒரு பெயருக்கு அது சுட்டும் பொருள் ஒன்று, அந்தப் பொருளை அது காட்டித்தரும் முறை ஒன்று என இரண்டு உண்டென்றும், சுட்டப்படுவது ஒன்றாயினும் காட்டும் முறை வேறாதலால் சமன்பாடு அறிவைத் தருகிறதென்றும் அவர் தெளிவுபடுத்தினார். காலையில் காண்பதையும் மாலையில் காண்பதையும் வெள்ளி என்றே வழங்கும் தமிழில் பிறந்த நாம், அந்த ஒருமையைக் கண்டுபிடித்தவர்களின் வியப்பை இழந்துவிட்டோமோ என்று கூட எனக்குத் தோன்றுவதுண்டு. முன்னோர் உழைத்துக் கண்டது நமக்குச் சொல்லோடு சொல்லாக இலவசமாகக் கிடைத்துவிட்டது.

ஆனால் இந்த விசாரம் நம் நாட்டில் மிகப் பழையது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாவது அத்தியாயத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு, ஒரு களிமண் உருண்டையை அறிந்தால் மண்ணால் ஆனவையெல்லாம் அறியப்பட்டவையாகும் என்று தொடங்கி, ‘நீயே அது’ என்ற பொருள்பட்ட மகாவாக்கியத்தை ஒன்பது முறை உபதேசிக்கிறார். எல்லாம் வல்ல பரம்பொருளும், பன்னிரண்டு ஆண்டு வேதம் ஓதிக் கர்வத்தோடு வீடு திரும்பிய ஒரு வாலிபனும் ஒன்று என்றால், அந்தச் சமக்குறியின் இரு கரைகளுக்கும் நடுவே உள்ள தூரம் சாமானியமானதா? அதனை விளக்க அத்வைதிகள் ஒரு சாதாரண வாக்கியத்தை உதாரணமாகக் கொண்டார்கள். முன்னொரு நாள் வேற்றூரில் பார்த்த ஒருவனை இன்று இங்கே கண்டு, ‘அந்தத் தேவதத்தனே இவன்’ என்கிறோம். ‘அந்த’ என்பதில் அன்றைய காலமும் அவ்வூரும் அடங்கியுள்ளன. ‘இவன்’ என்பதில் இன்றைய காலமும் இவ்விடமும் அடங்கியுள்ளன. ஒன்றோடொன்று முரண்படும் இந்த அடைமொழிகளை இரு பக்கத்திலிருந்தும் தள்ளிவிட்டால் எஞ்சும் மனிதன் ஒருவனே; அவ்வாறே ஈசனிடத்தும் ஜீவனிடத்தும் முரண்படும் உபாதிகளைத் தள்ளினால் எஞ்சும் சைதன்யம் ஒன்றே என்பது அவர்களுடைய சித்தாந்தம்.

இராமானுஜரோ இந்த உதாரணத்தையே எடுத்துக்கொண்டு, இதில் தள்ளவேண்டியது எதுவும் இல்லை என்று வாதித்தார். ஒருவன் அன்று அங்கும் இன்று இங்கும் இருப்பதில் விரோதம் ஏது? காலம் வேறாதலால் இரண்டு இடங்களும் அவனுக்கு உண்மையாகவே உரியவை. வேறு வேறு காரணம் பற்றி வழங்கும் சொற்கள் ஒரே பொருளில் சென்று நிற்பதைத்தான் வையாகரணர்கள் சாமானாதிகரண்யம் என்றார்கள். அந்தக் காரணங்களை அழித்துவிட்டால் இரண்டு சொற்களைச் சொன்னதே வீணாகும். இரண்டு பெயர்களும் தத்தம் குணத்தோடு நிலைத்திருந்தே ஒரு பொருளை உணர்த்துகின்றன என்பது அவருடைய முடிவு.

பல ஆண்டுகளுக்கு முன் நூல்களில் படித்த இந்த வாதம், முக்கோண அட்டைகளின் நடுவே உட்கார்ந்திருந்த எனக்குத் திடீரென்று உயிர்பெற்று நின்றது. மேலே சொன்ன புள்ளியையே பாருங்கள். கிழக்கே ஒன்று, வடக்கே ஒன்று என்று எழுதிய அந்தக் கலப்பெண்ணைத் தன்னோடு தான் பெருக்கி எட்டாவது அடுக்குவரை கொண்டுபோகச் சொன்னால், செவ்வக வடிவில் மாணவன் படிப்படியாகப் பெருக்கி, நடுவில் எங்காவது ஒரு குறியைத் தவறவிட்டுத் திகைப்பான். துருவ வடிவிலோ மட்டுகள் பெருகுகின்றன, வீச்சுகள் கூடுகின்றன; √2ஐ எட்டுமுறை பெருக்கினால் 16, 45 பாகையை எட்டுமுறை கூட்டினால் 360 பாகை, ஆகவே விடை வெறும் 16. டி மாய்வர் தேற்றத்தின் இந்த அழகை அனுபவித்த மாணவன் செவ்வக வடிவத்தைத் தூக்கி எறிந்துவிடலாம் என்று நினைக்கக்கூடும். அப்பொழுது அவனிடம், மட்டு 2, வீச்சு 30 பாகை உள்ள எண்ணோடு, மட்டு 2, வீச்சு 90 பாகை உள்ள எண்ணைக் கூட்டு என்று சொல்லவேண்டும். மட்டுகளைக் கூட்டினாலும் வீச்சுகளைக் கூட்டினாலும் விடை வாராது. செவ்வக வடிவுக்கு இறங்கி வந்து, கிழக்கே √3, வடக்கே 1 என்பதோடு வடக்கே 2ஐச் சேர்த்தால், கிழக்கே √3, வடக்கே 3 என்று ஒரு நொடியில் விடை கிடைக்கிறது. அதன் பிறகே மட்டு 2√3, வீச்சு 60 பாகை என்று அதைத் துருவ வடிவில் எழுத முடிகிறது.

கூட்டலின் ரகசியம் ஒரு பெயரில் அடங்கியிருக்கிறது. பெருக்கலின் ரகசியம் மற்றொரு பெயரில் அடங்கியிருக்கிறது. ஒரு பெயரில் வெளிப்பட்டு நிற்பது மற்றதில் மறைந்து கிடக்கிறது. பொருள் ஒன்றுதானே, பெயர் எதுவானால் என்ன என்று சொல்பவன் பொருளையும் பாதியே அறிகிறான். இறைவனுக்கு ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சிக்கும் மரபு, ஒரே பூவை ஆயிரம் முறை இடும் வீண் பிரயத்தனம் என்று இளமையில் நான் நினைத்ததுண்டு. ஒவ்வொரு நாமமும் ஒரு கணக்கை எளிதாக்குகிறது, மற்ற நாமங்களால் எளிதில் எட்டமுடியாத ஒரு குணத்தைக் கைக்கெட்டச் செய்கிறது என்று இப்பொழுது நினைக்கிறேன்.

பெயர் பொருளைக் காட்டவல்லது போலவே மறைக்கவும் வல்லது என்பதற்குக் கலப்பெண்ணின் சரித்திரமே சாட்சி. 1545இல் இத்தாலியரான கார்டானோ, பத்தை இரண்டாகப் பிரித்து அவற்றின் பெருக்கற்பலன் நாற்பது ஆகவேண்டும் என்ற கணக்கைப் போட்டு, குறை பதினைந்தின் வர்க்கமூலத்தை எதிர்கொண்டு மனம் சலித்தார். 1572இல் பொம்பெல்லி என்பவர், ஓர் எண்ணின் கனம் அவ்வெண்ணின் 15 மடங்கோடு 4ஐச் சேர்த்ததற்குச் சமம் என்ற சமன்பாட்டில், குறை 121இன் வர்க்கமூலத்தின் வழியாகவே நடந்துபோய், 4 என்ற நல்ல மெய்யெண்ணில் கரையேறிக் காட்டினார். ஆயினும் 1637இல் டேகார்ட் இவற்றுக்குக் ‘கற்பனை’ என்று பெயரிட்டார். அந்தப் பெயரின் நிழல் நெடுங்காலம் நீங்கவில்லை. 1797இல் டென்மார்க் தேசத்து அரசவைக் கழகத்தின் முன், காஸ்பர் வெஸ்ஸல் என்ற நில அளவைக்காரர், இந்த எண்கள் தளத்தில் திசையும் தூரமும் உடைய கோடுகளே என்று எடுத்துரைத்தார். நாள்தோறும் திசையையும் தூரத்தையும் அளந்து வாழ்ந்தவருக்கு அது புலப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் டேனிஷ் மொழியில் வெளியான அவர் கட்டுரை ஏறக்குறைய நூறாண்டு உலகின் கண்ணில் படாமலே கிடந்தது. 1806இல் பாரிஸில் ஆர்கான் என்பவர் அதே கருத்தை ஒரு சிறு நூலாக, ஆசிரியர் பெயர் போடாமலே வெளியிட்டார். 1813இல் அந்தக் கருத்தை எடுத்து விளக்கிய மற்றொரு கணிதர், இதனை முதலில் எழுதியவர் யாராயினும் வெளிப்பட வேண்டுமென்று கேட்டுக்கொண்ட பிறகே ஆர்கான் தம்மை அறிவித்தார். 1831இல் காவுஸ் என்னும் கணிதமேதை, நேர் எண், குறை எண், கற்பனை எண் என்று பெயரிட்டதனால்தான் இவ்வளவு இருள் சூழ்ந்தது என்றும், முன்செல்வது, பின்செல்வது, பக்கமாகச் செல்வது என்ற கருத்துப்படப் பெயர் வைத்திருந்தால் இருளே இருந்திராது என்றும் கூறினார். ஒருவரையொருவர் அறியாமல் வெவ்வேறு தேசத்தில் இருந்து வந்தவர்கள் ஒரே புள்ளியில் சந்தித்தது எனக்குப் பெரிய ஆறுதலைத் தருகிறது. பெயரிட்டதன் பிழையால் ஓர் உண்மை இத்தனை தலைமுறை கற்பனை என்று கருதப்பட்டது ஓர் எச்சரிக்கையாகவும் நிற்கிறது.

எச்சரிக்கை மற்றொன்றும் உண்டு. கிழக்கே ஒன்று வடக்கே ஒன்று என்ற எண்ணுக்கு எதிராக, மேற்கே ஒன்று தெற்கே ஒன்று என்ற எண்ணையும் என் புதிரில் வேண்டுமென்றே ஒரு விளிம்பில் எழுதிவைத்தேன். வீச்சைக் காண மாணவர்கள் ஒரு கூற்றை மற்றொரு கூற்றால் வகுத்து, அந்த விகிதத்துக்கு உரிய கோணத்தை அட்டவணையில் தேடுவார்கள். இரண்டு எண்களுக்கும் விகிதம் ஒன்றே. அட்டவணை இரண்டுக்கும் 45 பாகை என்றே சொல்லும். மட்டு கூட இரண்டுக்கும் √2 தான். ஆகவே அவசரப்படுகிறவன் இரண்டையும் ஒன்றென்று சேர்த்துவிடுவான். உண்மையில் இரண்டாவது எண் 225 பாகையில், முதலாவதற்கு நேர் எதிர்த்திசையில், மூன்றாம் கால்பகுதியில் இருக்கிறது. விகிதம் பொய் சொல்லவில்லை. எந்தக் கால்பகுதியில் நிற்கிறோம் என்பதை மட்டும் அது அறியாது.

‘எல்லா மதமும் ஒன்றே’ என்று மேடைதோறும் எளிதாகச் சொல்லப்படுவதைக் கேட்கும்போது எனக்கு இந்த இரண்டு விளிம்புகளும் கண்முன் வருகின்றன. அந்த வாக்கியம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். உழைத்துக் கணக்கிட்டுப் பார்த்தவர் வாயில் அது மகாவாக்கியமாகவும் இருக்கலாம். ஆனால் விகிதத்தை மட்டும் பார்த்து, நிற்கும் இடத்தையும் நோக்கும் திசையையும் பாராமல் ஒன்றென்று சொல்பவன், எதிரெதிரானவற்றை இணைத்துவிட்டுச் சமரசம் கண்டதாக மகிழ்கிறான். ஒருமையைக் காண்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமோ அவ்வளவு உழைப்பு வேற்றுமையைக் காண்பதற்கும் வேண்டும். அந்த உழைப்பைச் செய்யாத சமரசம் பிறர் நம்பிக்கைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

என் புதிரிலும் ஒரு பிழை நேர்ந்தது. கிழக்கே 1, தெற்கே √3 என்ற எண்ணை ஒரு சந்திப்பில் மட்டு 2, வீச்சு 300 பாகை என்பதோடு சேர்த்திருந்தேன். பின்னொரு நாள் இரவில், வேறொரு சந்திப்பில், கிழக்கே 1, வடக்கே √3 என்ற எண்ணின் இணையெண் (வடக்கைத் தெற்காக்கினால் கிடைப்பது) என்பதை மட்டு 2, வீச்சு குறை 60 பாகை என்பதோடு சேர்த்துவிட்டேன். 300 பாகையும் குறை 60 பாகையும் ஒரே திசை என்பதும், நான்கு விளிம்புகளும் ஒரே எண் என்பதும் களைப்பில் எனக்குத் தோன்றவில்லை. வகுப்பில் ஒரு மாணவி 300 பாகை விளிம்பையும் குறை 60 பாகை விளிம்பையும் சேர்த்து வைத்து, அதற்கு அடுத்த சீட்டுகள் எதுவும் பொருந்தாமல் வெகுநேரம் திணறிவிட்டு, என்னிடம் வந்து, “சார், இது ரெண்டும் ஒண்ணுதானே? அப்புறம் ஏன் பக்கத்துச் சீட்டு சேரமாட்டேங்குது?” என்று கேட்டாள். நான் சீட்டுகளைப் பார்த்தேன். என் கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தேன். “அம்மா, உன் பொருத்தம் சரி. என் புதிர்தான் தப்பு” என்று சொன்னேன்.

அன்று இரவு அந்தச் சீட்டுகளைத் திருத்தி எழுதும்போது ஓர் எண்ணம் என்னை விட்டு நீங்கவில்லை. ஒரு பெயருக்கு ஒரே துணை என்பது புதிர் செய்பவனின் சௌகரியத்துக்காக ஏற்பட்ட நியதி. எண்ணுக்கு அப்படி ஒரு நியதி இல்லை. எண்ணின் உலகில் ஒவ்வொரு பெயருக்கும் அளவற்ற பெயர்கள் உறவு. அறுகோணம் ஒழுங்காக முடியவேண்டும் என்பதற்காக அந்த உறவுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நான் வெளியே நிறுத்துகிறேன். சமயங்கள் தமக்குள் ஓர் ஒழுங்கைக் கட்டிக்கொள்வதும் இவ்விதமே; அதில் குற்றமில்லை, அது இல்லாமல் எதையும் கற்பிக்கவும் முடியாது. ஆனால் கட்டிய ஒழுங்கே உண்மையின் எல்லை என்று நம்பி, தன் விடைத்தாளில் இல்லாத ஒரு பொருத்தத்தைக் கொண்டுவந்தவனைப் பிழையாளி என்று ஒதுக்கும்போது, உபாத்தியாயன் தன் அட்டையை எண்ணாகவே எண்ணி மயங்கிவிடுகிறான். அந்தச் சிறுமியின் கேள்வியைக் கேட்டுத் தன் புதிரைத் திருத்திக்கொள்ளும் பணிவு இருக்கும் வரையில்தான் எந்தப் பாடசாலையும், எந்தச் சம்பிரதாயமும் உயிரோடு இருக்கும்.

திருத்திய புதிரில் வெளிக்கரை விளிம்புகள் 12 எஞ்சியிருந்தன. அவற்றுக்குத் துணை இல்லை. வெறுமையாக விட்டால் எது கரை என்று மாணவர்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்பதால், பதினொன்றில் வேறு எண்களை எழுதினேன். பன்னிரண்டாவதில் என்ன எழுதுவதென்று வெகுநேரம் யோசித்து, பூஜ்யத்தை எழுதினேன். அதன் துருவ வடிவம் என்ன என்று மாணவர்கள் தேடுவார்கள். மட்டு 0 என்பது உடனே தெரியும். வீச்சு? 30 பாகை திரும்பி நின்று தூரமே நடக்காதவனும் அங்கேதான் இருக்கிறான். 225 பாகை திரும்பி நின்று நடக்காதவனும் அங்கேதான் இருக்கிறான். எல்லாக் கோணமும் அதற்குப் பொருந்துகிறது. ஆகையால் எந்தக் கோணமும் அதற்கு உரியதென்று சொல்ல முடியவில்லை. கணித நூல்கள் பூஜ்யத்துக்கு வீச்சு வரையறுக்கப்படவில்லை என்று சுருக்கமாகச் சொல்லி மேலே சென்றுவிடுகின்றன.

அடைமொழிகளையெல்லாம் தள்ளினால் எஞ்சுவது எதுவோ அதுவே தத்துவம் என்ற அத்வைதிகளின் வாக்கு, மற்றப் புள்ளிகளின் விஷயத்தில் எனக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. இந்த ஒரு புள்ளியின் முன்னே அதற்கு நான் தலைவணங்குகிறேன். திசைகள் எல்லாம் எதிலிருந்து அளக்கப்படுகின்றனவோ அதற்குத் திசை இல்லை. ஆனால் நாம் அந்தப் புள்ளியில் இல்லை. மேற்கிலோ தெற்கிலோ, அருகிலோ தூரத்திலோ, ஏதோ ஒரு மட்டோடும் ஏதோ ஒரு வீச்சோடும் நின்றுகொண்டிருக்கிறோம். நமக்குப் பெயர் வேண்டும், திசை வேண்டும், நம் பெயரும் அயலான் பெயரும் ஒன்றா வேறா என்று கணக்கிட்டுப் பார்க்கும் பொறுமை வேண்டும். அந்தப் பன்னிரண்டாவது விளிம்பின் துணையைத் தேடி என்னிடம் வரும் குழந்தைக்கு நான் விடை சொல்வதில்லை; நீ நிற்கும் இடத்திலிருந்து அங்கே போ என்று மட்டும் சொல்கிறேன். போகப் போக வீச்சு மாறுவதில்லை; மட்டு மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. எந்தத் திசையிலிருந்து வந்தாய் என்று அங்கே யாரும் கேட்பதற்கில்லை. தூரம் தீர்ந்தால் போதும்.